அகதிகள் ஊர் திரும்பிய பின்னும் ஒட்டப்பட்ட ஸ்டாம்பு

கும்பகோணம் அஞ்சலக முத்திரை, 1973 ஜனவரி. பழைய காகிதம் விற்கும் கடையொன்றில் கட்டாகக் கிடைத்த இன்லண்ட் லெட்டர்களில் ஒன்று. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகனுக்குத் தகப்பனார் எழுதியது. பொங்கலுக்கு அவன் வராமல் போனதில் வருத்தம், அறுவடைக்கு ஆள் கிடைக்காத சங்கடம், கடைசி வரியில் மணியார்டர் பற்றி இரண்டு வார்த்தை. கடிதத்துக்குள் எனக்கு வேலை எதுவும் இல்லை. வெளிப்பக்கத்தில்தான் இருந்தது. 15 பைசா மதிப்பு அச்சிட்ட அந்த இன்லண்டில், தபால் கட்டணத்துக்குத் தேவையே இல்லாத ஒரு 5 பைசா ஸ்டாம்பு சிவப்பு நிறத்தில் தனியாக ஒட்டப்பட்டிருந்தது. ‘அகதிகள் நிவாரணம்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதில் அச்சாகியிருந்தது.

1973 ஜனவரியில் எந்த அகதிகள்? வங்கதேசம் தனிநாடாகி ஓராண்டு கடந்துவிட்டது. எல்லையோர முகாம்களைக் கலைத்தாகிவிட்டது. காவிரிக் கரையில் இருந்த ஒரு தகப்பனார் யாருக்காக அந்த ஐந்து பைசாவைக் கொடுத்தார்? அது யாரிடம் போய்ச் சேர்ந்தது? பதில் தேடிக் கிளம்பியவன், 1971இன் மழைக்காலத்தில் வாந்திபேதி புகுந்த அகதி முகாம்களில் போய் நின்றேன்.

முதலில் ஸ்டாம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த மாதிரி விஷயத்தில் அரசுக் கோப்புகளைவிட அஞ்சல்தலை சேகரிப்போரின் அட்டவணைகளைத்தான் நான் நம்புவேன். ஒரு எழுத்து தள்ளி அச்சாகியிருந்தால்கூடக் குறித்து வைத்திருப்பார்கள். அவற்றின்படி இந்த வரி 1971 நவம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்கென்று புது ஸ்டாம்பு அடிக்க அவகாசம் இல்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 5 பைசா குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பை எடுத்து அதன் மேலேயே ‘அகதிகள் நிவாரணம்’ என்று நாசிக் அச்சகத்தில் அடித்து அனுப்பினார்கள். அதுவும் எல்லா ஊருக்கும் எட்டவில்லை. பெங்களூர், ஜெய்ப்பூர், கோவா, தில்லி என்று அந்தந்த ஊரிலேயே மேலச்சு அடித்துச் சமாளித்தார்கள். டிசம்பர் 1ஆம் தேதிதான் அகதிகளின் உருவம் பொறித்த தனி ஸ்டாம்பு வெளிவந்தது. என்னிடம் இருப்பது இந்த இரண்டாவது வகை. 1973 மார்ச் 31 வரை நாடு முழுவதும் இதை ஒட்டியாக வேண்டும். பத்திரிகைகளுக்கு விலக்கு. போஸ்ட்கார்டுக்கும் விலக்கு.

போஸ்ட்கார்டை விட்டுவைத்தவர்களுக்கு ஏழைகளைப் பற்றிய நினைப்பு இருந்திருக்கிறது. ஆனால் அன்று கவருக்குக் கட்டணம் 20 பைசா, இன்லண்டுக்கு 15. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி, 5 பைசா. கவரில் எழுதுகிறவருக்குச் செலவு கால் பங்கு கூடியது என்றால், இன்லண்டில் எழுதுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடியது. அதாவது வசதி குறைந்தவர்தான் விகிதப்படி அதிகம் கொடுத்தார். கும்பகோணத்துத் தகப்பனார் இந்த ரகம்.

தபாலோடு இது நிற்கவில்லை என்பது நாடாளுமன்ற ஆவணங்களைப் பார்த்தபோது தெரிந்தது. 1971 அக்டோபரில் குடியரசுத் தலைவர் அடுத்தடுத்து அவசரச் சட்டங்கள் பிறப்பித்திருக்கிறார். ரயில் பயணச்சீட்டுக்கு வரி, உள்நாட்டு விமானப் பயணத்துக்கு வரி, தபாலுக்கு வரி, நாளிதழ் பிரதி ஒன்றுக்கு 2 பைசா. டிசம்பரில் இவை முறையான சட்டங்களாயின. ஆக, 1971 கடைசியில் சென்னையில் பேப்பர் வாங்கியவர், திருச்சிக்கு ரயிலேறியவர், மதுரைக்குக் கடிதம் போட்டவர் என எல்லோருமே நிவாரணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தலைமுறையில் யாருக்கும் இது நினைவில்லை. எனக்கு முந்திய தலைமுறையில் விசாரித்தால் ‘ஆமாம், சிவப்பு ஸ்டாம்பு ஒன்று ஒட்டுவோம்’ என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

சரி, வசூலான பணம் எங்கே போனது? இங்கே ஒரு சுவர். வரியாக வரும் பணம் அரசியலமைப்பின் 266ஆம் பிரிவுப்படி இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்ந்துவிடும். அதற்குள் போன பைசாவுக்கு அப்புறம் அடையாளம் கிடையாது. எந்த ஐந்து பைசா அகதிக்கு அரிசியானது, எந்த ஐந்து பைசா சாலைக்குத் தார் ஆனது என்று எந்தக் கணக்கதிகாரியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. காசைப் பின்தொடர வழியில்லை என்று ஆனதும் தேதிகளைப் பின்தொடர்ந்தேன்.

நிதியமைச்சர் ஒய்.பி.சவாண் 1971-72க்கான இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்தது 1971 மார்ச் 24. பொதுத் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. மறுநாள், மார்ச் 25 இரவு, டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சொந்த மக்கள்மீதே பாய்ந்தது. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் நிலைமையின் முழுக் கனமும் எனக்கு உறைத்தது. ஒரு கோடி பேருக்குச் சோறு போட வேண்டிய ஆண்டின் முதல் பட்ஜெட், அந்த ஒரு கோடியில் ஒருவர்கூட எல்லை தாண்டாத நாளில் எழுதப்பட்டது. அகதிகளுக்கென்று ஒரு ரூபாய் அதில் இருக்க நியாயமில்லை.

ஏப்ரலில் வரத் தொடங்கினார்கள். மே மாதத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு லட்சத்துக்கும் மேல். மே 28 அன்று சவாண் முழு பட்ஜெட்டை வைத்தபோது அகதிகள் நிவாரணத்துக்கு 60 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அன்றைய தேதிக்கு வந்திருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம். தலைக்கு 150 ரூபாய் என்று வரும். வருகை நின்றபோது அரசின் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையோ 98,99,305. அதே 60 கோடியை இவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 60 ரூபாய் சொச்சம்.

98,99,305 என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் சுமை யார் தலையில் விழுந்தது என்பது புரியும். மேற்கு வங்கத்தில் 74,93,474 பேர். திரிபுராவில் 14,16,491. மேகாலயாவில் 6,67,986. அசாமில் 3,12,713. பீகாரில் 8,641. திரிபுராவின் சொந்த மக்கள்தொகையே 1971 கணக்கெடுப்பில் 15,56,342தான். வீட்டுக்காரர் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்டச் சமமாக விருந்தாளிகள் வந்து நின்றால் அந்த வீட்டுக் கிணறு என்னவாகும்?

கிணறு என்று சும்மா சொல்லவில்லை. மே மாதத்திலேயே வாந்திபேதி வந்துவிட்டது. ஜூனில் பருவமழை இறங்கியதும் முகாம்களில் தண்ணீர், மலம், சேறு எல்லாம் ஒன்றாயின. கல்கத்தாவின் விளிம்பில் சால்ட் லேக் முகாமில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அடைந்து கிடந்தார்கள். சாக்கடை போடுவதற்காக வாங்கி வைத்திருந்த பெரிய கான்கிரீட் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. செப்டம்பர் முடிவதற்குள் காலரா நோயாளிகளின் எண்ணிக்கை 46,000ஐத் தாண்டியது. இது பதிவான எண்ணிக்கை. வரும் வழியிலேயே, சாலையோரத்தில், ஆற்றங்கரையில் விழுந்து இறந்தவர்களை யார் பதிந்தார்கள்?

முகாம்கள் ஏன் அத்தனை மோசமாக இருந்தன என்பதற்கு வறுமை மட்டும் காரணமில்லை. இவர்கள் ஆறு மாதத்தில் திரும்பிப் போய்விடுவார்கள், போயாக வேண்டும் என்பது தில்லியின் நிலைப்பாடு. செலவுக் கணக்கே ஆறு மாதத்துக்குத்தான் போடப்பட்டது. ஆறு மாதத்துக்கு மூங்கிலும் தார்ப்பாயும் போதும். பதித்த கழிவுநீர்க் குழாயும் நிலையான கழிப்பறையும் கட்டினால் தங்க வைப்பதாக அர்த்தமாகிவிடும். அரசியலாகப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. பாகிஸ்தான் துரத்திய மக்களை இந்தியா நிரந்தரமாக ஏற்றுக்கொண்டதாக உலகம் நினைத்துவிடக் கூடாதே. ஆனால் காலரா கிருமிக்கு அரசியல் தெரியாது. தற்காலிகம் என்று முடிவெடுத்த இடத்தில் நிரந்தரமாக இறந்தவர்கள் உண்டு என்பதை அந்த ஆண்டின் கணக்குகளைப் படிக்கிற எவரும் மறந்துவிடக் கூடாது.

முகாம்களைக் கட்டி நடத்தியது மாநில அரசுகள். செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் என்று முடிவாகியிருந்தது. மத்திய மறுவாழ்வுத் துறை கல்கத்தாவில் ஒரு கிளைச் செயலகமே திறந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் கர்னல் பி.என்.லூத்ரா. ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ 1971 டிசம்பர் இதழில் அவர் எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்தேன். போர் நடந்துகொண்டிருந்த வாரங்களில் அச்சானது. நிர்வாகத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், வேலை முடியும் முன்பே அந்த வேலையைப் பற்றி எழுதியது என்ற வகையில் எனக்கு அது பொக்கிஷம்.

ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் துணை மானியக் கோரிக்கையாக மேலும் 200 கோடி வந்து நின்றது. மே மாத ஒதுக்கீட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அக்டோபரில் வரிகள் அறிவிப்பு. நவம்பர் 15இல் முதல் ஸ்டாம்பு. டிசம்பர் 16இல் டாக்காவில் சரணாகதி. 1972 ஜனவரி 1 முதல் அகதிகள் அரசின் ஏற்பாட்டில் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். வழிச் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கான உணவுப் பொருளும் கொடுத்து அனுப்பினார்கள். 1972 மார்ச் 25 அன்று, ராணுவம் பாய்ந்த அந்த இரவுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, இந்தியாவில் மிச்சமிருந்தவர்கள் சுமார் 60,000 பேர் என்று அரசு மதிப்பிட்டது.

இப்போது தேதிகளை வரிசையாகப் பார்க்கலாம். வாந்திபேதி உச்சத்தில் இருந்தது ஜூன் முதல் செப்டம்பர் வரை. வரி தொடங்கியது நவம்பர் நடுவில். முகாம்கள் காலியானது மார்ச்சில். வரி நின்றது அதற்கும் ஒரு வருஷம் கழித்து. பதினாறரை மாதம் வசூலித்த ‘அகதிகள் நிவாரணம்’, அகதிகள் திரளாக முகாமில் இருந்த காலத்தில் வசூலானது சில வாரங்களுக்குத்தான்.

இதைக் கண்டதும் அரசு ஏமாற்றிவிட்டது என்று தலைப்புப் போடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. ஜூனில் ஒரு குழந்தை வாந்தியெடுத்துக் கண் செருகிக் கிடக்கும்போது, வரி போட்டு, வசூலித்து, பிறகு மருந்து வாங்கலாம் என்று இருக்க முடியாது. செலவு முன்னால் போய்விட்டது. மாநிலங்கள் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்தன, தில்லி முன்பணம் கொடுத்தது, பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்க வரி பின்னால் வந்தது. 1973 ஜனவரியில் கும்பகோணத்துத் தகப்பனார் கொடுத்த ஐந்து பைசா, எங்கேயோ ஒரு முகாமில் 1971இல் ஏற்கெனவே செலவாகிவிட்ட ஐந்து பைசாவுக்கு ஈடு. அவரிடம் கேட்காமலே அவர் பேரில் வாங்கிய கடன் அது. உயிர் போகும் நேரத்தில் அப்படிக் கடன் வாங்கத் துணிந்த அரசை நான் குறை சொல்ல மாட்டேன். ‘அகதிகள் நிவாரணத்துக்கு ஆன செலவை ஈடுகட்ட’ என்று வெளிப்படையாகச் சொல்லி வசூலித்திருந்தாலும் மக்கள் கொடுத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். அதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

அப்படியானால் அந்த ஜூன் மாதத்தில் உயிரைக் காப்பாற்றிய காசு எது? இதைத் தேடியபோது நிதி ஆவணங்களை விட்டு ஒரு மருத்துவ இதழுக்குப் போக வேண்டியதாயிற்று. ‘ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்னல்’, 1973. வங்கதேச அகதிகளிடையே காலராவுக்கு வாய்வழித் திரவ சிகிச்சை பற்றிய கட்டுரை. எழுதிய குழுவின் தலைவர் திலீப் மகாலனாபிஸ்.

மகாலனாபிஸ் 1934இல் கிழக்கு வங்கத்துக் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திவந்த மருத்துவ ஆய்வு மையத்தில் வேலை. 1971 ஜூன் கடைசியில் எல்லையை ஒட்டிய பங்காவ் ஊர் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே இரண்டு அறைகள், தரையெல்லாம் காலரா நோயாளிகள். ஒருவருக்கு ஊசி குத்திச் சலைன் ஏற்ற வேண்டுமென்றால் வாந்தியிலும் மலத்திலும் முழங்காலிட்டுத்தான் ஆகவேண்டும். அவ்வளவு செய்தும் ஏற்றுவதற்குச் சலைன் பாட்டில் போதவில்லை. குத்துவதற்குப் பழகிய கையும் போதவில்லை.

காலராவில் கிருமி நேரடியாகக் கொல்வதில்லை. உடம்பின் நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால்தான் சாவு. உப்புத் தண்ணீரை மட்டும் குடிக்கக் கொடுத்தால் நோயுற்ற குடல் அதை உறிஞ்சாது. கூடவே குளுக்கோஸ் இருந்தால் உறிஞ்சும். இது 1971க்கு முன்பே தெரிந்த சங்கதி. டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இருவரும் 1968இல் இதைச் சோதித்துக் காட்டியிருந்தார்கள். இந்திய மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953லேயே ‘லான்செட்’டில் எழுதியிருந்தார். என்றாலும் மருத்துவ உலகம் நம்பவில்லை. மருத்துவமனையில், பயிற்சி பெற்றவர்கள் கண்காணிக்க, அளந்து கொடுத்தால் சரி. கும்பலில், சேற்றில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையில் கொடுக்கலாமா?

மகாலனாபிஸ் கொடுத்தார். அதற்கு அனுமதி வாங்க நேரமில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சாதாரண உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். கல்கத்தா மையத்தின் நூலக அறையே தொழிற்கூடமானது. எடை போட்டு, கலந்து, பாலிதீன் பையில் நிரப்பி, வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, பங்காவுக்கு ஏற்றினார்கள். அங்கே டிரம்களில் கரைத்துக் குழாய் வைத்துவிட்டார்கள். நோயாளியின் ஆட்கள் குவளையில் பிடித்துக்கொண்டு போய்க் குடிக்கக் கொடுத்தார்கள்.

கட்டுரை தரும் விலையைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். லிட்டருக்கு 11 பைசா. இரண்டு கடிதத்துக்கு ஒட்டும் அகதி ஸ்டாம்பு 10 பைசா.

ஏறக்குறைய எட்டு வாரங்களில் 3,700க்கும் அதிகமானோருக்குச் சிகிச்சை. இறப்பு 3.6 சதவீதம். சலைனுக்குத் தட்டுப்பாடு இருந்த மற்ற இடங்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தில் காலரா பிரிவைக் கவனித்துவந்த திமான் பருவா பங்காவுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இதற்காக வாதாடினார். 1978இல் ‘லான்செட்’ தலையங்கம், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்ற பொருளில் எழுதியது. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் ‘ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது கூட்டமான அகதி முகாமில் பரீட்சை எழுதித் தேறிய பொருள். மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

தடுப்பூசிக்கும் பணம் போனது. உலக நாடுகள் விமானத்தில் அனுப்பிய தடுப்பு மருந்தும், ஊசியில்லாமல் விசையால் தோலுக்குள் செலுத்தும் துப்பாக்கி போன்ற கருவிகளும் அந்த நாட்களின் செய்திப் படங்களில் நிறைய வருகின்றன. அன்றைய காலரா தடுப்பூசியின் பாதுகாப்பு அரைகுறை, அதுவும் சில மாதங்களுக்குத்தான். 1973இல் உலக சுகாதாரப் பேரவையே பயணிகளுக்கான காலரா தடுப்பூசிச் சான்றிதழ் விதியைக் கைவிட்டுவிட்டது. தடுப்பூசியே வீண் என்று சொல்ல வரவில்லை. நன்கொடை நாடுகளுக்குப் படம் பிடித்துக் காட்டத் தோதான பொருள் எதுவோ அது முதலில் வந்து இறங்கியது என்பதைப் பார்க்கிறேன். குளுக்கோஸும் உப்பும் சோடாவும் யாருடைய விமானத்துக்கும் காத்திருக்கவில்லை.

வெளிநாட்டுப் பணத்தையும் தொட்டுவிட வேண்டும். ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் ஏப்ரல் கடைசியில் அகதிகள் உயர் ஆணையர் சத்ருதீன் ஆகா கானை உதவிகளுக்கான ஒருங்கிணைப்பாளராக நியமித்தார். மே 19இல் உலகுக்கு வேண்டுகோள். ஆறு மாதத்துக்கு 17.5 கோடி டாலர் தேவை என்பது இந்தியாவின் முதல் மதிப்பீடு. அக்டோபருக்குள் அது 55.8 கோடி டாலராகிவிட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் நானூறு கோடி ரூபாய்க்கும் மேல். ஐ.நா. வழியாகப் பணமாகவும் பொருளாகவும் சேர்ந்தது ஏறத்தாழ 18.3 கோடி டாலர். இந்தக் கணக்கில் வராத உதவிகளும் உண்டு. ஆகஸ்ட் 1இல் நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரியின் நுழைவுச்சீட்டு வசூல் 2,43,418 டாலர் யூனிசெஃபுக்குப் போனது. அது உலகத்துக்கே தெரியும். பாட்டும் படமுமாக இன்றும் பேசப்படுகிறது. கடிதத்துக்கு ஐந்து பைசா கொடுத்த கோடிக்கணக்கானோரைப் பற்றி ஒருவரும் பாடவில்லை. தேவைக்கும் வந்ததற்கும் இடையில் இருந்த பெரிய பள்ளத்தை நிரப்பியவர்கள் அவர்கள்தான்.

காப்பகங்களில் இன்னொரு கூட்டத்தைத் தேடித் தேடிக் களைத்தேன். முகாம்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 68 லட்சம். மீதி 31 லட்சம் பேர் உறவினர், தெரிந்தவர், இரக்கப்பட்டவர் வீடுகளில் தங்கினார்கள். முகாமுக்கு எத்தனை கூடாரம், எத்தனை குழாய்க் கிணறு, தலைக்கு எத்தனை கிராம் அரிசி, பருப்பு என்று தாள்கள் பேசுகின்றன. நதியாவிலோ 24 பர்கனாவிலோ ஒரு குடியானவர் வீட்டுத் திண்ணையில் எட்டு மாதம் இருந்த குடும்பத்துக்கு யார் சோறு போட்டார்கள், அந்த வீட்டுக் குழந்தைக்குப் பேதி கண்டபோது யார் செலவு செய்தார்கள் என்பதற்குத் தாள் கிடையாது. பொதுப்பணம் எப்போதும் வரிசையில் நிற்பவரைத்தான் முதலில் பார்க்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் நம் மாநிலத்தின் ஒரு அரசாணை அடிக்கடி மனதில் வந்தது. 2021, கொரோனாவின் இரண்டாவது அலை. தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாயை மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாகக் கொடுத்தது. முகாம்களுக்கு வெளியே வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கும் அதே 4,000 ரூபாய் தர பின்னர் தனியாக உத்தரவு வந்தது. 13,553 குடும்பங்கள், 5.42 கோடி ரூபாய். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் இவர்கள். ஊரடங்கில் கூலி நின்றது எல்லோருக்கும் ஒரே நாளில்தான். கொடுத்தது நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் தனி உத்தரவு ஏன் தேவைப்பட்டது? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தேசியச் சட்டமும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் நினைத்துப் பார்த்து, கோப்பு எழுதி, கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. நினைத்துப் பார்க்க ஆள் இருந்தால் கிடைக்கும். 1971இல் சட்டம் இல்லாமலே ஒரு கோடிப் பேருக்குச் செலவழித்தோம் என்று பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. பெருமையை நம்பி அடுத்த கொள்ளைநோயை எதிர்கொள்ள முடியாது என்பதையும் அதே தாள்கள்தான் சொல்கின்றன.

பங்காவ் கட்டுரைக்கு மறுபடி வருகிறேன். 11 பைசா எப்படிச் சாத்தியமாயிற்று என்பது எனக்கு இன்னும் முடியாத கேள்வியாக இருந்தது. பொருள்களின் விலை சரிதான். குளுக்கோஸ், உப்பு, சோடா, பாலிதீன் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் வரும். ஆனால் சலைன் ஏற்றும் முறையில் பெருஞ்செலவு பாட்டிலுக்கு மட்டுமில்லை, அதை ஏற்றிக் கண்காணிக்கும் கைகளுக்கும்தான். வாய்வழி முறையில் அந்த வேலை அகதிகளிடமே போனது. கடும் நோயாளிக்கு முதல் சில மணி நேரம் சலைன், பிறகு குடிக்கத் தெம்பு வந்ததும் கரைசல். வெளியேறிய அளவுக்கு ஈடாக, இரவும் பகலுமாக, மறுபடி மறுபடி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுத்தவர்கள் தாய்மார்கள், அக்காக்கள், பிள்ளைகள். பல நாள் நடந்து, வழியில் யாரையோ பறிகொடுத்து வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் பலருக்கே அடுத்த நாள் பேதி கண்டிருக்கும்.

இவர்களுக்கு ஒரு ரூபாய் கூலி கொடுத்ததாக எந்தக் கணக்கிலும் இல்லை. கர்னல் லூத்ராவின் கட்டுரையிலும், ஐ.நா.வின் அறிக்கைகளிலும், சவாணின் பட்ஜெட் உரைகளிலும் இந்த வேலைக்கு ஒரு தலைப்புக் கிடையாது. மருத்துவ இதழில் மட்டும், நோயாளியின் உறவினர்களே திரவத்தைக் கொடுத்தார்கள் என்ற தகவல், சிகிச்சை முறையை விளக்கும் பகுதியில் பதிவாகியிருக்கிறது. நான் தயாரிக்கும் செலவுப் பட்டியலில் இந்திய அரசு, மேற்கு வங்கம், திரிபுரா, ஐ.நா., தபால் போட்டவர்கள், ரயிலேறியவர்கள் என்று போகும் வரிசையில் இவர்களுக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த வரிக்கு எதிரே எழுதத் தொகை ஏதும் கிடைக்கவில்லை. 3,700 பேர், எட்டு வாரம் என்று மட்டும் குறித்திருக்கிறேன்.